லாப்போ வரைந்த முகம்

எங்கள் பேராலயத்தின் பெரிய கதவு மழைக்காலத்தில் ஊதிக்கொள்ளும். தோளைக் கொடுத்துத் தள்ளினால் அசையாது. அடிப்பக்கம் காலால் ஓர் உதை விட்டுவிட்டுத் தள்ள வேண்டும். முப்பத்தொரு வருஷமாக அப்படித்தான் திறந்தேன். எனக்குப் பிறகு வருகிறவரிடம் யாராவது இதைச் சொல்லிவிடுங்கள், அதிகாரியம்மா. புதிதாக வருகிறவர்கள் தோளைத்தான் கொடுப்பார்கள். அப்புறம் தோள்வலி என்று விடுப்புக் கேட்பார்கள்.

என் பெயர் நஸ்ஸரேனோ பிராக்கெத்தி. வயது அறுபத்து நான்கு. மொந்தெவாரா பேராலயத்தின் கோயில்பிள்ளை. நீங்கள் கேட்பது அந்த இருபத்து மூன்று நிமிடத்தைப் பற்றி. டாக்டர் லவீனியா சாரத்திலிருந்து விழுந்த சத்தம் எதிர்ச்சாரித் தச்சனுக்கு இரண்டு முப்பத்தைந்துக்குக் கேட்டிருக்கிறது. நான் ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தது இரண்டு ஐம்பத்தெட்டுக்கு. நடுவில் என்ன செய்தாய் என்கிறீர்கள். சொல்கிறேன். ஆனால் நேராக அங்கே போனால் உங்களுக்குப் புரியாது. எதையும் முதலிலிருந்து சொல்லித்தான் எனக்குப் பழக்கம்.

கோயில்பிள்ளைக்கு வேலை மணி அடிப்பது, தரையில் சிந்திய மெழுகைச் சுரண்டுவது, பீடத் துணி மாற்றுவது, பூசைக்குத் திராட்சை இரசம் எடுத்து வைப்பது. வருகிறவர்களுக்கு ஆலயத்தைச் சுற்றிக் காட்டுவது அதில் சேராது. யாரும் சொல்லாமல் நானாகச் செய்தேன். வருகிறவர்கள் எப்படிப்பட்டவர்கள் என்று உங்களுக்குத் தெரியாது. சிலுவையில் பாடுபட்ட சுரூபத்தின் கீழே நின்று ஐஸ்கிரீம் நக்குவார்கள். ஒரு துறவி பதினேழு வருஷம் குனிந்து உட்கார்ந்து, நகக்கண் அளவு மரத்துண்டுகளாகப் பதித்துச் செய்த பாடகர் இருக்கைகளில் முதுகுப்பையை எறிவார்கள். எங்கள் புனிதருடைய கை எலும்பு இருக்கிற வெள்ளிக் கையைப் பார்த்து, "இந்த விரலுக்கு மோதிரம் எந்த சைஸு?" என்று சிரிப்பார்கள். ஒருத்தி பீடத்துக்கு முதுகைக் காட்டி, உதட்டைக் குவித்து, தன்னையே படம் பிடித்துக்கொண்டாள்.

நான் யாரையும் திட்டியதில்லை. பின்னால் போய் நின்று, மெல்ல, "இந்த மாதா யாருன்னு தெரியுமா?" என்று கேட்பேன். அவ்வளவுதான். பத்து நிமிடத்தில் ஐஸ்கிரீம் உருகி முழங்கை வரை வழிந்திருக்கும். அவர்களுக்குத் தெரியாது.

வடக்குப் பக்கச் சிற்றாலயத்தில், எட்டு மீட்டர் உயரத்தில், குழந்தைக்குப் பாலூட்டும் மாதாவின் சுவரோவியம் இருக்கிறது. லாப்போ என்கிற ஓவியர் வரைந்தது. அறுநூறு வருஷத்துக்கு முன்பு கொள்ளைநோய் வந்தபோது லாப்போவின் மனைவி ஃபியோரா இறந்துபோனாள். மார்பில் குழந்தை பால் குடித்துக்கொண்டிருந்தபடியே இறந்தாள். அவன் நாற்பது நாள் சிற்றாலயத்துக்குள் தன்னைப் பூட்டிக்கொண்டான். உடம்பை வரைந்தான், குழந்தையை வரைந்தான், வானத்தை வரைந்தான். முகத்தை மட்டும் விட்டுவைத்தான். நாற்பதாம் நாள் காலையில் ஃபியோராவின் முகத்தை ஒரே மூச்சில் வரைந்து முடித்துத் தூரிகையை முறித்துப் போட்டான். அதற்குப் பிறகு அவன் எதையும் வரையவில்லை.

இதை நான் சொல்கிறபோது ஆண்கள்கூட மூக்கை உறிஞ்சுவார்கள். ஜெர்மனியிலிருந்து வந்த ஒரு கசாப்புக்காரர் என் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை.

இதில் எவ்வளவு உண்மை என்று கேட்பீர்கள். ஆலயத்தின் பழைய புத்தகத்தில் ஒரே வரிதான் இருக்கிறது. 'சுவரோவியம், லாப்போ வரைந்தது.' மனைவியை நான்தான் கொடுத்தேன். அது முதல் வருஷம். நாற்பது நாளைப் பிறகு சேர்த்தேன். குழந்தை பால் குடித்ததை ஒரு மழைநாளில், கூட்டம் அசையாமல் நின்றபோது, அங்கேயே சேர்த்தேன். பொய் என்று நீங்கள் எழுதிக்கொள்ளலாம். ஒரு வரியை வைத்துக்கொண்டு அந்தச் சுவருக்கு உயிர் கொடுத்தவன் நான்.

மூன்று வருஷத்துக்கு முன்பு, மார்ச் மாதம், சுவரில் ஈரம் ஏறுகிறது என்று ஆயர் இல்லத்திலிருந்து லவீனியாவை அனுப்பினார்கள். எங்கள் ஊரில் படித்தவர்கள் எல்லாரையும் டாக்டர் என்றுதான் அழைப்போம். அவள் பழைய ஓவியங்களைச் சீர்செய்கிற டாக்டர். முப்பத்தெட்டு வயது. ஒட்ட வெட்டிய முடி, ஆண்கள் போடுகிற பூட்ஸ். என்னைக் கண்டால் கையில் இருப்பதைக் கீழே வைத்துவிட்டு வணக்கம் சொல்வாள். அவள் கெட்டவள் என்று நான் சொல்லவே மாட்டேன். கெட்டவளாக இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

சாரம் கட்டியவன் ஆர்பென். அல்பேனியாக்காரன், இந்த ஊருக்கு வந்து இருபது வருஷம் ஆகிறது. "ஐயா, ஒங்க கட்டிலு ஆடும், இது ஆடாது" என்று குழாயைத் தட்டிக் காட்டுவான்.

மே மாதத்தில் ஒரு நாள் காலை, பெர்காமோவிலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் ஒரு பேருந்து நிறைய வந்தார்கள். நல்ல கூட்டம். கதையில் நாற்பதாம் நாள் காலைக்கு வந்திருந்தேன். மேலே சாரத்தில் ஏதோ அசைந்தது. அவள் எட்டிப் பார்த்தாள்.

"ஐயா, மன்னிக்கணும். சொல்லாம இருக்க முடியல. அந்த முகம் லாப்போ வரைஞ்சது இல்ல."

எல்லாரும் அண்ணாந்தார்கள்.

"நிலநடுக்கத்துல பழைய முகம் ஒடஞ்சுபோச்சு. நூத்தம்பது வருஷத்துக்கு முன்னாடி, இதே ஊர்ல வீடுகளுக்கு வெள்ளையடிக்கிறவர் ஒருத்தர் அது மேல பூசி வரைஞ்சிருக்காரு. ஆயர் வீட்டு ஆவணத்துல இருக்கு."

"அப்ப அந்த மனைவி?" என்று முன்வரிசையில் நின்ற ஓர் அம்மா கேட்டாள். அவள் கையில் நோட்டுப்புத்தகம் வைத்திருந்தாள். ஃபியோரா என்கிற பெயரை எழுதி அடிக்கோடும் போட்டிருந்தாள்.

"லாப்போ ஒரு துறவிங்க. அவருக்குக் கல்யாணமே ஆகல."

பின்னால் நின்ற ஒரு கிழவர், "அப்ப அது யாரு பொண்டாட்டிப்பா?" என்றார். நாற்பது பேர் சிரித்தார்கள். அந்தக் கூரையின் கீழே சிரிப்பு அப்படியே போய்விடாது, அதிகாரியம்மா. வளைவில் முட்டித் திரும்பி வரும். அந்த அம்மா என்னைப் பார்த்துக்கொண்டே ஃபியோரா என்கிற பெயரைக் குறுக்கே அடித்தாள். பேனா காகிதத்தில் உரசிய சத்தம் எனக்குக் கேட்டது.

அன்று மாலை எங்கள் பங்குச் சாமியார் எஜீதியோ என்னைப் பூசை உடுப்பு அறைக்குக் கூப்பிட்டார்.

"இனிமே கதை சொல்றத விட்டுரு நஸ்ஸரேனோ. சனிக்கிழம சனிக்கிழம டாக்டரே பேசுவாங்க. நீ வாசல்ல நின்னு, சத்தம் போடாதீங்கன்னு சொல்லு, போதும்."

"முப்பது வருஷமா சொல்றேன், சாமி."

"முப்பது வருஷமா பொய் சொல்லியிருக்கே. ஆண்டவர் மன்னிச்சிருவாரு. பேப்பர்க்காரன் மன்னிக்கமாட்டான்."

"நீங்களே ரெண்டு தடவ பிரசங்கத்துல ஃபியோராவைச் சொல்லியிருக்கீங்க."

"அதனாலதான்யா சொல்றேன், வாய மூடு" என்றார். முகம் சிவந்திருந்தது.

வீட்டில் அக்கா ஜீத்தாவிடம் சொன்னேன். அவள் கரண்டியால் சூப்பைக் கிண்டிக்கொண்டே, "அந்தப் பொண்ணு சொல்றதுல என்னடா தப்பு? சாமியாருக்கு ஏது பொண்டாட்டி? குடி, ஆறுது" என்றாள். அன்று நான் தட்டை எறியவில்லை. அதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும். எனக்குக் கோபம் இருந்ததா என்று கேட்டீர்கள் அல்லவா? இருந்தது. காலையில் எழும்போது என் பற்கள் வலிக்கும், இரவெல்லாம் கடித்துக்கொண்டே தூங்கியிருப்பேன். ஆனால் கையை ஓங்கியதில்லை, குரலை உயர்த்தியதில்லை. ஒரு வருஷம் வாசலில் நின்று, சத்தம் போடாதீர்கள் என்று சொன்னேன். கழிப்பறை எங்கே என்று கேட்டவர்களுக்கு வழி காட்டினேன். உள்ளே அவள் பேசினாள். இரசாயனப் பெயர்களும் அளவுகளும் சொன்னாள். யாரும் அழவில்லை. ஆனால் கேட்டார்கள். வரிசையில் நின்று கேட்டார்கள்.

பிறகு மேல்பூச்சை எடுத்துவிட அனுமதி வந்தது. அதை எதிர்த்து ஊரே மனு எழுதிக் கையெழுத்துப் போடும் என்று நினைத்தேன். எட்டுப் பேர் போட்டார்கள். அதில் இரண்டு என்னுடையதும் ஜீத்தாவுடையதும்.

ஜூன் முதல் வாரத்தில் அவளே என்னிடம் வந்தாள். "மேல வாங்க ஐயா. முதல்ல ஒங்களுக்குத்தான் காட்டணும்னு வெச்சிருக்கேன்."

ஏறினேன். விளக்கைப் பக்கவாட்டில் பிடித்துக் காட்டினாள். பக்கத்தில் பார்த்தால் அது வெள்ளையடிக்கிறவன் கைதான், மறுப்பதற்கில்லை. கதவுக்குப் பூசுகிற மாதிரி கன்னத்துக்குப் பூசியிருந்தான். பிறகு அவள் சுத்தம் செய்திருந்த உள்ளங்கையளவு இடத்தைக் காட்டினாள். நெற்றியில் பாதி, ஒரு கண். சின்னக் கண். கீழே கருவளையம். குழந்தையைப் பார்க்கவில்லை, மேலே சொர்க்கத்தையும் பார்க்கவில்லை. எதிரே நிற்கிற நம்மைப் பார்த்தது.

"அழகி இல்ல, பாருங்க. நாலு நாளா தூங்காத அம்மா. துறவியா இருந்தும் எங்க பார்த்தாரோ இந்தக் கண்ணை" என்றாள்.

அது என் ஃபியோராவைவிட நன்றாக இருந்தது. அதை நான் ஒத்துக்கொள்கிறேன். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

கீழே இறங்கியதும் ஆர்பெனைப் பார்த்தேன். இவ்வளவு கனம் எப்படி நிற்கிறது என்று கேட்டேன். கேட்டவர்கள் யாருமில்லை போலிருக்கிறது, அவன் பூரித்துப்போனான். பலகைகளின் முனையைப் பிடிக்கிற கொண்டிகளைக் காட்டினான். "இது இல்லைன்னா பலக ஏத்தம் மாதிரி தூக்கிரும், ஐயா. அதான் வாரா வாரம் நானே வந்து தொட்டுப் பார்த்துட்டுப் போறேன்" என்றான். வாரத்தில் எந்த நாள் என்று கேட்டேன். திங்கட்கிழமை என்றான்.

ஜூன் பதினான்கு, வியாழக்கிழமை. பன்னிரண்டரைக்கு ஆலயத்தை மூடினேன். மூன்று மணி வரை யாரும் வரமாட்டார்கள். மேலே ஏறி, முகத்துக்கு நேராக அவள் நிற்கிற பலகையின் இரண்டு கொண்டிகளையும் திறந்துவிட்டேன். இரண்டுக்கும் ஒரு கை போதும். பார்வைக்கு எதுவும் மாறவில்லை. இறங்கி வந்து கை கழுவினேன். ஜீத்தா இறைச்சி திணித்து வறுத்த ஒலிவக்காய் கட்டிக் கொடுத்திருந்தாள். சாப்பிட்டுவிட்டு நாற்காலியில் பத்து நிமிடம் கண்ணயர்ந்தேன். தூக்கம் வந்ததா என்று இப்படிப் பார்க்கிறீர்கள். வந்தது.

இரண்டரைக்கு அவள் பக்கக் கதவைத் தட்டினாள். திறந்தேன். உள்ளே வந்தவள் சிரித்துக்கொண்டே, "ஐயா, ஒரு நல்ல சேதி. சாமிகிட்ட சண்ட போட்டுட்டேன். இந்த சனிக்கிழமையிலேருந்து ரெண்டு பேரும் சேர்ந்து பேசுறோம். நான் சுவரப் பத்திச் சொல்றேன், நீங்க ஊர் நம்புன கதையச் சொல்லுங்க. ரெண்டும் வேணும்ல?" என்றாள்.

நான் நன்றி சொன்னேன். அவள் ஏணிக்குப் போனாள்.

யோசிக்க நேரம் இருந்ததா என்று கேட்பீர்கள். இருந்தது. அந்த ஏணிக்கு இருபத்தாறு படிகள். அவள் மெதுவாக ஏறுகிறவள். டாக்டர், கொஞ்சம் இறங்குங்கள் என்று ஒரு வார்த்தை போதும். நான் நினைத்துப் பார்த்தேன். 'ஊர் நம்பிய கதை.' அவள் உண்மையைச் சொல்வாள், பிறகு பக்கத்தில் என்னை நிறுத்தி, இதோ இவர் இப்படிக் கட்டி விட்டார் என்று காட்டுவாள். அன்பாகத்தான் காட்டுவாள். எல்லாரும் அன்பாகவே சிரிப்பார்கள். நான் பீடத்து மெழுகைச் சுரண்டத் தொடங்கினேன். மேலே விளக்கு எரிந்தது. பலகை புரண்டது.

கத்தக்கூட இல்லை. விழுந்த சத்தம் மட்டும்தான்.

போய்ப் பார்த்தேன். உயிர் இருந்தது. கண் திறந்திருந்தது. முதல் விசாரணையில், நான் பார்க்கும்போதே இறந்து கிடந்தாள் என்று சொன்னேன். அது உண்மையில்லை. அவள் உதடு அசைந்தது. குனிந்தேன். "விளக்க அணைச்சிருங்க… சூடு ஆகாது, அந்தக் கண்ணுக்கு" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

நான் விளக்கை அணைக்கவில்லை. வெளிச்சம் வேண்டியிருந்தது. பக்கத்தில் முழந்தாளிட்டுச் செபிக்கிற பலகை ஒன்று இருந்தது, அதில் உட்கார்ந்தேன். பிறகு முதலிலிருந்து சொன்னேன். கொள்ளைநோய், ஃபியோரா, மார்பில் குழந்தை, நாற்பது நாள். ஒன்றும் விடவில்லை, அவசரப்படவும் இல்லை. அவளுக்காகப் புதிதாகக்கூட ஒன்று சேர்த்தேன், லாப்போ மனைவி இறந்த பிறகு துறவியானான் என்று. நன்றாகப் பொருந்தியது. அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் குறுக்கே பேசவில்லை. தூரிகையை முறித்துப் போட்ட இடத்துக்கு வந்தபோது கண்ணில் நீர் இருந்தது. வலியினால் என்று நீங்கள் சொல்வீர்கள். இருக்கலாம்.

கதை முடிந்ததும் விளக்கின் மின்கம்பியைக் கீழிருந்தே பிடுங்கினேன். பிறகு போன் செய்தேன். உங்கள் இருபத்து மூன்று நிமிடம் அதுதான். முழுசாகச் சொன்னால் அதற்கு அவ்வளவு நேரம் ஆகும்.

கொண்டிகள் திறந்திருந்ததால் ஆர்பெனைப் பிடித்தீர்கள். திங்கட்கிழமை பூட்டினேன் என்று அவன் சொன்னதை யாரும் நம்பவில்லை. அவன் மனைவி மிரேலா ஆலயத்துக்கு வர ஆரம்பித்தாள். அவர்கள் நம் மதமில்லை, ஆனாலும் மாதாவிடம் வந்தாள். ஒரு நாள் என் சட்டைக் கையைப் பிடித்து, "ஐயா, நீங்க பார்த்தீங்களே, அவரு ஒழுங்காத்தானே செஞ்சாரு? ஒரு வார்த்த சொல்லுங்களேன்" என்றாள். அவளுக்கு ஒரு பெரிய மெழுகுவர்த்தி எடுத்துக் கொடுத்தேன். காசு வாங்கவில்லை.

வேறொருவன் வந்து வேலையை முடித்தான். ஃபியோரா போய்விட்டாள். அந்தத் தூங்காத கண்காரி முழுமுகமாக வந்தாள். ஒரு கன்னத்தில் பாதி இல்லை. உலகமே பார்க்க வந்தது. எஜீதியோ சாமியார் புதுச் சிறுநூல் அச்சடித்தார். அதில் 'லவீனியாவின் மாதா' என்று போட்டிருந்தார். அறுநூறு வருஷம் மாதா மாதாவாக இருந்தாள், கதைக்கு ஒரு பெயர் கொடுத்தவன் நான், ஒரு வருஷம் ஏணியில் ஏறி இறங்கியவள் பெயர் வந்து ஒட்டிக்கொண்டது. எனக்கு மறுபடியும் பல் வலித்தது.

ஆனால் வருகிறவர்கள் என்னிடம் வர ஆரம்பித்தார்கள். "அவங்க விழுந்த எடம் இதுதானா? நீங்கதான் பார்த்தீங்களா?" என்று கேட்டார்கள். முதலில் இடத்தை மட்டும் காட்டினேன். பிறகு அவள் பூட்ஸைப் பற்றிச் சொன்னேன். பிறகு ஏணியின் இருபத்தாறு படிகளைப் பற்றி. சாமியார் தூணுக்குப் பின்னால் நின்று கேட்டார், தடுக்கவில்லை. அழுதார்கள், அதிகாரியம்மா. ஃபியோராவுக்கு அழுததைவிட அதிகமாக அழுதார்கள். ஆனால் கடைசியில் ஏதோ குறைந்தது. கதை விழுந்ததோடு நின்றுவிட்டது. அதற்கு ஒரு முடிவு வேண்டியிருந்தது. அதனால்தான் விளக்கைச் சேர்த்தேன். சாகிற நேரத்திலும், விளக்கை அணையுங்கள், அந்தக் கண்ணுக்குச் சூடு ஆகாது என்றாள் என்று சொன்னேன். இந்த முறை நான் எதையும் கட்டிச் சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். முப்பத்தொரு வருஷத்தில் நான் சொன்னதிலேயே உண்மையான வரி அதுதான்.

போன ஞாயிற்றுக்கிழமை நீங்கள் மூன்றாவது வரிசையில் நின்றீர்கள். பச்சைக் கழுத்துத்துணி. அந்த வரிக்கு நான் வந்தபோது பைக்குள் கையை விட்டீர்கள். கைக்குட்டை எடுக்கிறீர்கள் என்று நினைத்து மகிழ்ந்தேன். கைபேசியை எடுத்தீர்கள். நான் பார்க்கும்போதே இறந்து கிடந்தவள் எப்படிப் பேசினாள் என்று அப்புறம் கேட்டீர்கள்.

ஆர்பெனை விட்டுவிடுங்கள். அவன்மேல் பிழையில்லை. அவன் திங்கட்கிழமை பூட்டினான், வியாழக்கிழமை நான் திறந்தேன். லவீனியாவைக் கொன்றவன் நான். விழுந்த பிறகும் பிழைத்திருக்கக்கூடியவளை இருபத்து மூன்று நிமிடம் உட்கார்ந்து சாகவிட்டவனும் நான்தான். மாதாவின் முகத்தைக் காப்பாற்றத்தான் இதைச் செய்தேன். எனக்கென்று எதையும் செய்யவில்லை. நான் பேர் வாங்க ஆசைப்பட்டவன் இல்லை, எவரிடம் வேண்டுமானாலும் விசாரியுங்கள்.

எழுதி முடித்துவிட்டீர்களா? கையெழுத்துப் போடுகிறேன். அதற்கு முன்னால் ஒருமுறை முதலிலிருந்து சத்தமாக வாசியுங்கள். வெளியே காவலுக்கு நிற்கிற அந்த இரண்டு பேரையும் உள்ளே கூப்பிடுங்கள், அவர்களும் கேட்கட்டும். வேண்டாம், நீங்கள் வாசிக்க வேண்டாம். உங்களுக்கு எங்கே நிறுத்த வேண்டும் என்று தெரியாது. நானே சொல்கிறேன்.